தீர்வைப் பார்த்தால் புரிகிறது, தனியாகப் போட்டால் வரவில்லை

கேள்வி: வணக்கம் மேடம். காமர்ஸ் இறுதியாண்டு படிக்கிறேன். முதல் இரண்டு வருடமும் அக்கவுண்ட்ஸில் நல்ல மார்க். இந்த செமஸ்டரில் அட்வான்ஸ்டு அக்கவுண்டிங் வந்ததிலிருந்து எல்லாம் தலைகீழ். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியின் பெரும்பங்கை வைத்திருக்கும் ஹோல்டிங் கம்பெனி கணக்கில் புத்தகத்துத் தீர்வைப் பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, மூடிவைத்துவிட்டுப் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறேன். இருப்புநிலைக் குறிப்பின் இரு பக்கமும் ஒருமுறைகூட டேலி ஆகவில்லை. இன்டர்னலில் ஃபெயில். இந்தப் பேப்பரை விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்கலாமா? எனக்கு அக்கவுண்ட்ஸே வராதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, பேப்பரை விடாதீர்கள். இரண்டு வருடம் நன்றாகப் போட்டவருக்குத் திடீரென்று கணக்கு வராமல் போய்விடாது. நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிற இடம் எனக்கு நன்றாகத் தெரியும். படிக்கிற காலத்தில் நானும் அங்கேதான் நின்றேன், அப்புறம் பாடம் எடுக்க ஆரம்பித்த பிறகு பார்த்தால் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

இதுவரை நீங்கள் போட்ட ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பேரேடு இருந்தது. ஒரு வியாபாரம், அதற்கு ஒரு பேரேடு, பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். 1494இல் வெனிஸில் அச்சான தன் புத்தகத்தில் இத்தாலியக் கணித அறிஞர் லூகா பசியோலி விளக்கிய இரட்டைப் பதிவு முறைதான் இன்றும் நாம் போடுவது. ஹோல்டிங் கம்பெனி கணக்குக்கு வந்ததும் உங்கள் மனம் பழக்கத்தில் பேரேட்டைத் தேடுகிறது, ஆனால் தாயும் துணையும் சேர்ந்த குழுமத்துக்கென்று பேரேடே கிடையாது. பங்கை வாங்கிய தாய் நிறுவனத்துக்கு ஒன்று இருக்கிறது, அதன் கட்டுப்பாட்டிலுள்ள துணை நிறுவனத்துக்கு ஒன்று இருக்கிறது, ஒருங்கிணைந்த அறிக்கை இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தனித்தாளில் தயாராவது. இரண்டு நிறுவனங்களும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கணக்கை எடுத்துவிட நீங்கள் போடும் நீக்கல் பதிவுகளும் அந்தத் தாளோடு சரி, யாருடைய பேரேட்டிலும் ஏறாது. போன வருடம் நீக்கியதை இந்த வருடம் ஏன் மறுபடி நீக்குகிறார்கள் என்று குழம்பியிருப்பீர்களே, காரணம் இதுதான்: போன வருடத் தாள் முடிந்துபோனது, இரண்டு நிறுவனங்களின் பேரேட்டிலும் பழைய எண்கள் அப்படியே இருக்கின்றன.

ஆகவே ஒவ்வொரு வரியிலும் பேனாவை வைப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த எண் யாருடைய கண்ணால் பார்த்தது? தாயின் கண்ணா, துணையின் கண்ணா, குழுமத்தின் கண்ணா?

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். தாய் நிறுவனம் துணை நிறுவனத்தின் 80% பங்கை 5,00,000 கொடுத்து வாங்குகிறது. அன்று துணையின் பங்கு முதல் 4,00,000, சேர்ந்த இலாபமான காப்பு நிதி 1,00,000, ஆக நிகரச் சொத்து 5,00,000. அதில் 80% என்றால் 4,00,000. கொடுத்தது 5,00,000, கூடுதலாகக் கொடுத்த 1,00,000 நற்பெயர், அதாவது குட்வில். மீதி 20% வைத்திருக்கும் வெளியாட்களின் பங்கு 1,00,000, அதுதான் மைனாரிட்டி இன்ட்ரஸ்ட். ஒரு வருடம் கழித்து துணையின் காப்பு நிதி 1,50,000 ஆகிறது. கூடிய 50,000இல் 40,000 குழுமத்துக்கு, 10,000 வெளியாட்களுக்கு, அவர்கள் பங்கு இப்போது 1,10,000. வாங்கிய நாள்தான் இங்கே கோடு. அதற்கு முன் சேர்ந்த இலாபம் நற்பெயர்க் கணக்குக்குள் போய்விடும், பின் சேர்ந்ததுதான் இலாபமாகக் குழுமத்துக்கு வரும். கேள்வித்தாளைப் பார்த்ததும் அந்தத் தேதியை வட்டம் போட்டுவிடுங்கள்.

உங்கள் புத்தகம் எந்த முறையில் போடுகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். சர்வதேச நிதி அறிக்கைத் தரங்களில் ஒன்றான ஐஎஃப்ஆர்எஸ் 3 வெளியாட்களின் பங்கை நிகரச் சொத்தின் விகிதத்திலும் போட விடும், நியாய மதிப்பிலும், அதாவது சந்தையில் பெறக்கூடிய விலையிலும், போட விடும். அந்த 20% பங்கின் நியாய மதிப்பு 1,20,000 என்றால் நற்பெயரும் 1,20,000 ஆகிவிடும். இரண்டும் சரி. ஒரு புத்தகத்தில் கணக்கை எடுத்து இன்னொரு புத்தகத்தில் விடையைப் பார்த்துவிட்டு, தனக்கு எதுவுமே வரவில்லை என்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, எல்லோரும் தடுக்கி விழும் இடம், விற்காத சரக்கிலுள்ள இலாபம். தாய் நிறுவனம் 60,000 அடக்கமுள்ள சரக்கை 75,000க்குத் துணைக்கு விற்றது, வருடக் கடைசியில் அதில் மூன்றில் ஒரு பங்கு துணையிடம் அப்படியே இருக்கிறது. துணையின் கண்ணுக்கு அந்தச் சரக்கு 25,000. குழுமத்தின் கண்ணுக்கு 20,000, ஏனென்றால் சரக்கு வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை, ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த 5,000ஐச் சரக்கிலும் குறைக்க வேண்டும், இலாபத்திலும் குறைக்க வேண்டும். இதில் ‘அடக்கத்தின் மேல் 25%’ என்று கேள்வியில் பார்த்துவிட்டு 25,000இல் 25% கண்டுபிடித்து 6,250 என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அந்த 25,000 விற்ற விலை. அடக்கத்தில் நாலில் ஒரு பங்கு என்றால் விற்ற விலையில் ஐந்தில் ஒரு பங்கு, அதனால்தான் 5,000. விற்றது யார் என்பதையும் விடாதீர்கள். தாய் விற்றிருந்தால் முழு 5,000மும் குழுமத்தின் தலையில். துணை விற்றிருந்தால் அந்த இலாபம் துணையின் இலாபம், ஆகவே 1,000 வெளியாட்களின் பங்கில் குறையும்.

இப்போது உங்கள் முக்கியப் பிரச்சினை. தீர்வைப் பார்த்தால் புரிகிறது என்கிறீர்கள். புரியத்தான் செய்யும், எந்த எண்ணை எங்கே எடுப்பது என்று முடிவு செய்கிற வேலையை ஏற்கெனவே வேறொருவர் செய்து வைத்திருக்கிறார், நீங்கள் கூட்டல் கழித்தலைச் சரிபார்க்கிறீர்கள். வீடியோ பார்ப்பதும் இதே கதைதான், அடுத்தவர் நீந்துவதைக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி. ஆகவே அடுத்த மூன்று வாரத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள். ஒரு கணக்கை எடுங்கள், தீர்வை மூடுங்கள், நிற்கும் வரை போடுங்கள். நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டு, எதனால் நின்றது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: ‘பங்காதாயம் யாருக்கு வந்தது என்று தெரியவில்லை’, இந்த மாதிரி. பிறகு தீர்வில் அந்த ஒரு அடியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். முதல் கணக்கு இரண்டு மணி நேரம்கூட எடுக்கும், பயப்படாதீர்கள். இரண்டு நாள் கழித்து அதே கணக்கை வெற்றுத்தாளில் முதலிலிருந்து போடுங்கள். புதிது புதிதாக இருபது கணக்கைப் பார்ப்பதைவிட ஆறு கணக்கை இப்படி மூன்று முறை போடுவது மேல், இதை அடித்துச் சொல்வேன். எக்ஸெல் பிறகு வரட்டும், முதலில் கை.

கூட்டாண்மைக் கலைப்புப் பாடத்தையும் மனப்பாடமாகப் படிக்காதீர்கள். கார்னர் எதிர் மர்ரே என்ற இங்கிலாந்து வழக்கின் தீர்ப்பில், நொடித்துப்போன கூட்டாளியின் பற்றாக்குறையை மற்றவர்கள் இலாப விகிதத்தில் இல்லாமல் போட்ட முதலின் விகிதத்தில் ஏற்கிறார்கள். அந்த வழக்கில் மூன்று பேருக்கும் இலாபம் சமம், போட்ட முதல் சமமில்லை. இந்த ஒரு விவரம் தெரிந்தால் விதி தானாக நினைவில் நிற்கும். வெளிநாட்டுக் கிளைக் கணக்கு பார்க்கத்தான் மிரட்டும், எந்த எண்ணுக்கு எந்த நாளின் மாற்று விகிதம் என்று கேட்டுக்கொண்டே போனால் அது நகர்ந்துவிடும்.

கடைசியாக, டேலி ஆகாத விஷயம். வித்தியாசம் வந்தவுடன் முழுக் கணக்கையும் அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அந்த வித்தியாசமே எங்கே தப்பு என்று காட்டிக்கொடுக்கும். அதில் பாதித் தொகை கணக்கில் எங்காவது இருந்தால், அதைப் பக்கம் மாற்றி எழுதியிருக்கலாம். ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் 54ஐ 45 என்று எழுதியது மாதிரி இலக்கம் இடம் மாறியிருக்கலாம். மேலே போட்ட கணக்கில் 10,000 இடித்தால், வாங்கிய பிறகு வந்த இலாபத்தில் வெளியாட்களின் பங்கைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள். 5,000 இடித்தால், சரக்கில் குறைத்ததை இலாபத்தில் குறைக்கவில்லை.