வரப்பை வெட்டும் முன்

அன்புள்ள ஐயா,

பர்மாவில் பெகு பக்கத்தில் எங்களுக்கு 11 ஏக்கர் நெல் வயல், 17 துண்டாகக் கிடக்கிறது. வரப்புகளை வெட்டி ஒரே வயலாக்கினால் அறுவடை மிஷின் நேராக ஓடும் என்கிறார் மச்சான். எலியும் ஒழியுமாம். ஜெர்மனியில் பெரிய வயல்களில்தான் லாபம் அதிகம் என்று ஓர் ஆய்வையும் காட்டினார். நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைச் சான்றான படிவம் 7-ல் ஏதும் சிக்கல் வருமா? என்ன செய்யட்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்த அன்று காலையில் அம்மா வைக்கும் நண்டு ரசத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் உன் வயலுக்கும் சம்பந்தம் உண்டு, சொல்கிறேன்.

எலியை விடு. வரப்பை ஓர் அடி அகலத்துக்குள் செதுக்கி வைத்தால் வளை தோண்ட அதற்கு இடம் போதாது. படிவம் 7 பற்றி நில அலுவலகத்தில் கேள்.

ஜெர்மனிக்கு வருவோம். மச்சான் பாதியைக் காட்டியிருக்கிறார். மீதியைப் படிக்காமலே நீ எனக்கு எழுதியிருக்கிறாய், அதுதான் கோபம். 2017-ல் வந்த ஆய்வு அது. கிழக்கு ஜெர்மனியில் 1950-களில் சிறு பண்ணைகளைக் கட்டாயப்படுத்தி ஒன்று சேர்த்தார்கள். மேற்கில் சின்ன வயல்கள் அப்படியே நின்றன. ஒப்பிட்டுப் பார்த்தபோது, அதே பரப்புக்குக் கிழக்கில் 50 சதவீதம் கூடுதல் லாபம். நான் மறுக்கவில்லை. ஆனால் விளைச்சல் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், தம்பி! தானியம் கூடவில்லை, செலவு குறைந்தது. மேற்கிலோ வயலோரங்களின் நீளம் 70 சதவீதத்துக்கு மேல் அதிகம். செடிகளும் பூச்சிகளும் அந்த ஓரங்களால்தான் பிழைத்தன. இயற்கை முறைக்கு மாறியவர்களுக்கு விளைச்சல் பாதியாகியும் லாபம் இரண்டு மடங்கு ஆனது. இதை மச்சான் சொன்னாரா?

அந்தச் செலவு மிச்சம் உன் கைக்கு வருமா? மிஷின் உன்னுடையதா? ஏக்கர் கணக்கில் வாடகை வாங்குகிறவர், திரும்புகிற நேரம் மிச்சமானதற்காக உனக்கு ஒரு சாட்டாவது (பர்மா காசு) குறைப்பாரா? முதலில் அதைக் கேட்டு வா.

நிலம் பெரிதாவது வேறு, வயல் பெரிதாவது வேறு. 1930-க்குப் பிறகு நெல் விலை சரிந்தபோது, 1937-க்குள் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் கடனுக்காகச் செட்டியார்கள் கைக்குப் போனது. பத்திரத்தில் அத்தனை நிலம் சேர்ந்தும் வரப்புகள் கிடந்தபடி கிடந்தன. உழுதவர் குத்தகைக்காரர், இழுத்தது எருமை.

எங்கள் வீட்டில் வரப்பையே வெட்டினோம். பியாப்போன் பக்கம், எனக்குப் பதின்மூன்று வயது. டிராக்டர் வாடகைக்கு வருகிறது என்று அப்பா ஆறு வரப்புகளை வெட்டினார். கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்த நிலம் அது. மழை விழுந்ததும்தான் சரிவு தெரிந்தது. ஒவ்வொரு துண்டும் தன் தண்ணீரைத் தானே பிடித்து வைத்திருந்தது. இப்போது எல்லாம் ஒரு மூலைக்கு ஓடியது. மேட்டில் புல் மண்டியது, பள்ளத்தில் நாற்று அழுகியது. நிலத்தைச் சமன்படுத்த ஆள் வைக்கக் காசில்லை. அப்பா இரண்டு வருஷம் மண்வெட்டியோடு நின்று வரப்புகளைத் திரும்பப் போட்டார். அதற்குள் வரப்பு வளைகளில் இருந்த நண்டுகள் போய்விட்டன. நத்தை பொறுக்க வரும் நத்தைக்குத்தி நாரைகள் எங்கள் வயலில் இறங்காமல் அடுத்த வயலுக்குப் போயின. எனக்குச் சளி பிடித்தபோது, ரசத்துக்கு அம்மா முதல்முறையாகச் சந்தையில் நண்டு வாங்கினாள்.

நீ கேட்டதை விட்டு எங்கேயோ போய்விட்டேன். மிஷின் உள்ளே வர வழி வேண்டும்தான். ஒரே மட்டத்தில் இருக்கும் துண்டுகளுக்கு நடுவே இரண்டு வரப்பை மட்டும் எடு. அதற்கு முன் இந்த மழைக்காலம் முழுக்க, எந்தத் துண்டில் தண்ணீர் கடைசியாக வற்றுகிறது என்று குறித்து வை. மச்சானையும் கூட அழைத்துக்கொண்டு போய்ப் பார். அப்புறம் எந்த இரண்டு என்று எனக்கு எழுது.