கூடவா, குறைவா?

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், 30-இன் வர்க்கமூலத்தைத் தோராயமாகக் காணச் சொன்ன கணக்குக்கு 5.5 என்று எழுதியிருந்தாள். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் 5.477 என்று வருகிறது. தப்பாகிவிட்டது என்று அழுதாள். “தோராயம்னா சும்மா ஒரு குத்துமதிப்புதானே, விடு” என்று சமாதானம் சொன்னேன். நீள்வகுத்தல், சராசரி என்று ஏதேதோ முறைகள் இருக்கின்றன. எதைச் சொல்லிக்கொடுப்பது? கால்குலேட்டர் இருக்கும்போது இதெல்லாம் தேவைதானா?

ச.

அன்புள்ள ச.,

முதலில் போய் உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அவள் எழுதியது நல்ல விடை. அரை சதவீதம்கூடப் பிசகவில்லை. அந்தக் குழந்தை அழுதிருக்க வேண்டியதே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் சமாதானத்தைப் படித்துத்தான். ‘சும்மா ஒரு குத்துமதிப்பு’ என்கிறீர்களே, அந்தச் ‘சும்மா’வை எங்கிருந்து எடுத்தீர்கள்? வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வது வேறு, தோராயம் வேறு. எவ்வளவு தள்ளியிருக்கிறோம், எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறோம் என்று தெரிந்து சொல்வதுதான் தோராயம். அவள் யோசித்து எழுதியதைக் குத்துமதிப்பு என்று சொல்லி நீங்களே தள்ளிவிட்டீர்கள்.

போன வாரம் ஒரு பழைய கட்டம் போட்ட நோட்டு கையில் கிடைத்தது. அதிலிருந்து இதே யோசனையாகத்தான் இருந்தேன், உங்கள் கடிதமும் வந்தது. என் அக்கா எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த நோட்டு. ஒரு பக்கத்தில் 5-க்கு 6 என்று ஒரு செவ்வகம், உள்ளே 30 கட்டங்கள். “பரப்பு மாறக்கூடாது, இதைச் சதுரமாக்கு” என்றாள். நான் விழித்தேன். ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நெட்டை, இரண்டுக்கும் நடுவே எடு என்றாள். 5.5. பரப்பு 30-ஆகவே இருக்க வேண்டுமென்றால் அடுத்த பக்கம் 30-ஐ 5.5-ஆல் வகுத்தது, அதாவது 5.4545. வரைந்து பார்த்தால் கண்ணுக்குச் சதுரம் மாதிரியே இருந்தது, ஆனால் அவள் விடவில்லை. “5.5 கூடவா, குறைவா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் ச., எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. சமமில்லாத இரண்டு மிகை எண்களின் சராசரி, அவற்றின் பெருக்கலுக்கான வர்க்கமூலத்தைவிட எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். வகுத்து வந்த ஈவு குறைவாக இருக்கும். ஆக, விடை 5.4545-க்கும் 5.5-க்கும் நடுவே மாட்டிக்கொண்டது, இனி எங்கும் ஓட முடியாது. மறுபடி சராசரி எடுத்தால் 5.47727. உண்மையான மதிப்பு 5.477226 சொச்சம். இரண்டே தடவையில்!

இதையே பின்னமாக எழுதினால் 241/44. அக்கா அதன் வர்க்கத்தையும் போடச் சொன்னாள். 241-இன் வர்க்கம் 58,081. 44-இன் வர்க்கத்தை 30-ஆல் பெருக்கினால் 58,080. விடை துல்லியமாக இருந்திருந்தால் இரண்டும் சமமாக வந்திருக்கும். ஒன்றே ஒன்றுதான் கூட! அந்த ஒன்றைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிற்பாடு, வேள்விக் குண்டங்களை அளந்து அமைக்கச் சொல்லும் பழைய வடமொழி நூலான பௌதாயன சுல்ப சூத்திரத்தில் 2-இன் வர்க்கமூலத்துக்குச் சொல்லியிருக்கும் மதிப்பைப் படித்தேன். ஒன்று, அதோடு மூன்றில் ஒன்று, அதில் நான்கில் ஒன்று, பிறகு கடைசியாகச் சேர்த்ததில் 34-இல் ஒரு பங்கைக் கழி என்கிறது. கூட்டிப் பார்த்தால் 577/408. வர்க்கம் போடுங்கள், 3,32,929. 408-இன் வர்க்கத்தின் இரட்டிப்பு 3,32,928. அங்கேயும் அதே ஒன்று. ஒன்றரையில் தொடங்கி இரண்டு தடவை சராசரி எடுத்தாலும் இதே 577/408 வந்து நிற்கும். அந்த ஒன்று எத்தனை தடவை போட்டாலும் பூஜ்ஜியமாகாது. முழு வர்க்கமாக இல்லாத முழு எண்ணின் வர்க்கமூலம் எந்தப் பின்னத்துக்கும் அடங்காது, மிச்சத்தின் பங்கைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாம், அவ்வளவுதான்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நீள்வகுத்தல் ஒவ்வொரு இலக்கமாகச் சரியாகத் தரும், தேர்வுக்கு வேண்டுமானால் பழகட்டும். கால்குலேட்டரோ, அது காட்டுவதும் திரை முடிகிற இடத்தில் நின்றுபோன ஒரு தோராயம்தான். அதைத் தீர்ப்பாக வைத்துக்கொண்டு பிள்ளையை அழவிடாதீர்கள்.

இன்று மாலை அவளுக்கு 70-ஐக் கொடுங்கள். 8-இல் தொடங்கட்டும். 70-ஐ 8-ஆல் வகுத்தால் 8.75, நடுவே 8.375. அங்கே நிறுத்தி, கூடவா குறைவா என்று கேளுங்கள். அவள் பதில் சொல்லி, ஏன் என்றும் சொல்லட்டும். அதுவரை கால்குலேட்டர் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.