ஓய்வெடுத்தால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று அர்த்தமா?

வாசகி ஒருவரின் கேள்வி: எனக்கு 47 வயது, பள்ளி ஆசிரியை. கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. தைராய்டு மாத்திரை பல வருடமாகச் சாப்பிடுகிறேன், இப்போது இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் சேர்ந்திருக்கின்றன. காயம் ஆறிவிட்டது, ஆனால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கிறது, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கம் என்று சபை வேலை எல்லாம் காத்திருக்கிறது, படுத்தால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. ஜெபிக்க வந்த ஒரு சகோதரி, சுகம் கிடைத்துவிட்டது என்று விசுவாசித்து மாத்திரைகளை நிறுத்தச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை உபவாசத்தை மறுபடி தொடங்கலாமா? டிசம்பரில் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் போகலாமா?

பதில்:

சகோதரி, முதலில் மாத்திரை. நிறுத்தாதீர்கள். தைராய்டு மாத்திரை காய்ச்சல் மாத்திரை மாதிரி சில நாள் சாப்பிட்டு விடுகிற மருந்து இல்லை, உங்கள் சுரப்பி போதுமான அளவு சுரக்காத ஹார்மோனை அது வெளியிலிருந்து தருகிறது, அவ்வளவுதான். அந்த ஹார்மோன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். அதனால் நிறுத்துகிறவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வாரம் ஒன்றும் தெரியாது, "பாருங்கள், மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறேன்" என்று சபையில் சாட்சியும் சொல்லிவிடுவார்கள், அப்புறம் மெதுவாக அசதி, மலச்சிக்கல், முக வீக்கம், மனச்சோர்வு என்று ஒவ்வொன்றாக வரும்போது அதையும் இதையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். காலையில் மூன்று மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்குகிறீர்களா? அப்படியென்றால் தைராய்டு மாத்திரை சரியாக உடம்பில் சேராது, இரும்பும் கால்சியமும் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். மற்ற இரண்டுக்கும் குறைந்தது நாலு மணி நேர இடைவெளி வேண்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச். அளவும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த அசதியில் ஒரு பங்கு அங்கேயே பிடிபடலாம்.

மற்றபடி தூக்கமின்மை, கொதிப்பு, அழுகை. சினைப்பைகளை எடுத்தால், இயல்பாகச் சில வருடங்களில் மெல்ல மெல்லக் குறைய வேண்டிய ஈஸ்ட்ரோஜன் ஓரிரு நாளில் சரிந்துவிடுகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தின் தொல்லைகள் எல்லாம் படிப்படியாக வராமல் மொத்தமாக வந்து விழும். உங்கள் உடம்பு சொல்வதை உங்கள் ஆத்துமாவின் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதற்குச் சிகிச்சை உண்டு. ஹார்மோன் சிகிச்சை உங்களுக்குப் பொருந்துமா என்பதை மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு போன்ற பழைய விவரங்களையெல்லாம் கேட்டு உங்கள் மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள், நம் பெண்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை, அது எனக்குப் பெரிய வருத்தம்.

இனி விசுவாசம் பற்றிக் கேட்டீர்கள். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை இன்றைக்கு எடுத்து வாசியுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கின அவ்வளவு பெரிய காரியம் நடந்து முடிந்த கையோடு எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்துக்கு ஓடிப்போய் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தேவன் அவரைக் கண்டிக்கவில்லை, வசனம் எதுவும் சொல்லிக் கொடுக்கவுமில்லை. எலியா தூங்குகிறார், தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். இரண்டாம் தரமும் அதேதான்: எழுந்திரு, சாப்பிடு, போக வேண்டிய தூரம் அதிகம். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்கிற கேள்வி வருவது இந்தத் தூக்கமும் சாப்பாடும் நாற்பது நாள் நடையும் முடிந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். சோர்ந்துபோன தம்முடைய ஊழியக்காரனுக்குத் தேவன் முதலில் கொடுத்தது தூக்கமும் ஆகாரமும். உங்களுக்கு மட்டும் வேறு ஒழுங்கு வைத்திருப்பார் என்று ஏன் நினைக்கிறீர்கள்?

ஜெபத்தையும் மருந்தையும் எதிரெதிரே நிறுத்துகிற பழக்கம் வேதத்தில் இல்லை. எசேக்கியா ராஜா வியாதிப்பட்டுச் சாகும் தறுவாயில் சுவரை நோக்கித் திரும்பி அழுது ஜெபித்தார், இன்னும் பதினைந்து வருடம் என்று வாக்குத்தத்தமும் கிடைத்துவிட்டது. அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசியே அத்திப்பழ அடையை ராஜாவின் உடம்பில் இருந்த பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். வாக்குத்தத்தம் கையில் இருக்கும்போதே பற்றும் போடுகிறார்கள். பவுலின் கைகளால் எத்தனையோ பேர் சுகமானார்கள், ஆனாலும் தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று அவரே எழுதுகிறார், துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒரு வார்த்தை கூட இல்லை. டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்ட பிறகு 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார்கள். அவருக்காக ஜெபிக்க ஆள் இல்லாமல் இல்லை. அந்த அறையிலிருந்தே எழுதினார்கள், பிள்ளைகளைப் பார்த்தார்கள், வலியோடுதான்.

ஸ்டான்லி ஜோன்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கூட்டங்களில் அவர் சாட்சியைப் பாதிதான் சொல்கிறார்கள். 1907-இல் இந்தியாவுக்கு வந்த மெதடிஸ்ட் மிஷனரி, சில வருடங்களில் வேலைப் பளுவால் நரம்பு தளர்ந்து மறுபடி மறுபடி சரிந்து விழுந்தார், ஊருக்குப் போய் ஓய்வெடுத்துவிட்டு வந்தும் தேறவில்லை, கடைசியில் லக்னோவில் ஒரு நாள் ஜெபத்தில் தன் பாரத்தைத் தேவனிடம் ஒப்புக்கொடுத்தபோது விடுதலை கிடைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். நான் அதை நம்புகிறேன். ஆனால் அதே மனிதர்தான் 1950-இல் அதே லக்னோவில் நூர் மன்சில் என்கிற மனநல மருத்துவ மையத்தைத் தொடங்கினார். தனக்கு ஜெபத்தில் சுகம் கிடைத்த ஊரில், மனம் நொந்தவர்களுக்கு மருத்துவரும் மருந்தும் ஜெபமும் ஒரே வளாகத்தில் கிடைக்கட்டும் என்று நினைத்தார். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற சகோதரி உங்கள்மேல் அன்போடுதான் சொல்லியிருப்பார். அவரோடு ஜெபியுங்கள், மாத்திரை விஷயத்தில் மட்டும் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

சரி, ஓய்வு எடுப்பது எப்படி? நாள் முழுக்கப் படுத்திருப்பதை நான் சொல்லவில்லை, அது கால்களில் ரத்தம் உறைய வழி செய்யும். காலையும் மாலையும் வெயில் ஏறாத நேரத்தில் மெதுவாக நடங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வெளியே தோல் ஒட்டிவிட்டாலும் உள்ளே தையல் போட்ட இடம் ஆற ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், அதுவரை தண்ணீர்க் குடம், நிறைந்த பெரிய குக்கர், ஊறவைத்த துணி வாளி எதையும் தூக்க வேண்டாம். காபியை மதியத்தோடு நிறுத்துங்கள், அது உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு அறையில் உட்காருங்கள், மெல்லிய வெளிச்சத்தில் ஒரு சங்கீதம் வாசியுங்கள், கண் சொக்கும்போது போய்ப் படுங்கள். போனில் வாசிக்க வேண்டாம், புத்தகத்தில். வீட்டில் யாராவது உங்கள் குறட்டையைப் பற்றிச் சொன்னால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் யார் சமைக்கிறார்கள்? நம் கிறிஸ்தவ வீடுகளில் பெண்களுக்கு வாரத்திலேயே அதிக வேலை ஞாயிறுதான். விடியுமுன் எழுந்து கறி கழுவி மசாலா அரைத்துவைத்துவிட்டு, பிள்ளைகளைக் கிளப்பி, ஆராதனைக்கு ஓடி, ஓய்வுநாள் பள்ளி முடித்து வந்து, விருந்தாளிக்கும் சேர்த்துப் பரிமாறிப் பாத்திரம் கழுவி முடிக்கும்போது மணி மூன்று. உபாகமம் 5:14 மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன் வரை பேர் சொல்லி ஓய்வு தருகிறது. ஒருவர் ஓய்வுக்காக இன்னொருவர் அடுப்படியில் நிற்பதை அந்தக் கட்டளை ஏற்கவில்லை. இந்தப் பதிலை உங்கள் கணவரிடம் கொடுங்கள். ஐயா, இன்னும் இரண்டு மாதத்துக்காவது ஞாயிறு மதியம் சாம்பார் சாதம் போதும், அதையும் நீங்களும் பிள்ளைகளும் செய்யுங்கள்.

அப்புறம் பார்க்க வருகிறவர்கள். ஆபரேஷன் ஆன வீட்டுக்குச் சபையார் வந்து ஜெபிப்பது நம்மிடம் இருக்கிற மிக நல்ல பழக்கம், அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன், ஆனால் ஆறு பேர் வந்தால் ஆறு டம்ளர் டீ யார் போடுவது? மாற்கு 6-இல் வருகிறவர்களும் போகிறவர்களும் அதிகமாகி, சாப்பிடவே நேரமில்லாமல் போன சீஷர்களைப் பார்த்து, தனியே வந்து சற்றே இளைப்பாறுங்கள் என்கிறார் இயேசு. கூட்டம் அங்கேயும் வந்துவிடுகிறது. அவர்களுக்குப் போதித்து, சாப்பாடும் கொடுத்த பிறகு, சீஷர்களைப் படகில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டு ஜனங்களை வழியனுப்பும் வேலையை அவரே எடுத்துக்கொள்கிறார். உங்கள் வீட்டில் அந்த வேலையை உங்கள் கணவரோ ஆயரம்மாவோ செய்யட்டும். மாலை ஐந்திலிருந்து ஆறு வரை வாருங்கள், இரண்டு பேராக வாருங்கள், முடிந்தால் ஒரு டிபன் கேரியரில் ஏதாவது கொண்டுவாருங்கள் என்று சங்கத்தில் அவர்கள் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்களே சொன்னால்தான் சங்கடம்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மனநல மையத்தில் 1957-இலிருந்து ஒரு வழக்கம் இருக்கிறது, நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்குவார்கள், சிகிச்சையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் குணமாகுதலும் அப்படித்தான் நடக்க வேண்டும். நீங்கள் தனியாக உங்களைத் தேற்றிக்கொள்ள முடியாது.

அழுகையைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் மனம் கனத்து, பாட்டிலோ பிள்ளைகளிடமோ எதிலும் ஆசையில்லாமல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்து கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவில் நீங்களாக விட்டுவிடக் கூடாது. எலியாவுக்கு வந்த மாதிரி இனி போதும் என்கிற எண்ணம் வந்தால் அன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள், அது அரசின் டெலி மானஸ் உதவி எண், எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். காய்ச்சல், அதிக ரத்தப்போக்கு, துர்நாற்றமுள்ள வெள்ளைப்போக்கு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது இவற்றில் ஏதாவது வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

உபவாசம் இப்போது வேண்டாம். ரத்தம் குறைந்திருக்கிற உடம்பு திசுக்களைக் கட்டிக்கொண்டிருக்கும் நேரம் இது, அதற்குப் புரதமும் இரும்பும் வேண்டும்: முட்டை, மீன், பயறு, முருங்கைக்கீரை. வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போகத் தோன்றினால் சாப்பிட்டுவிட்டுப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஜெபியுங்கள். யாயீருவின் மகளை எழுப்பின கையோடு அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னவரிடம்தான் ஜெபிக்கிறீர்கள்.

சபைப் பொறுப்புகளில் ஓய்வுநாள் பள்ளியை மூன்று மாதத்துக்கு இன்னொருவரிடம் முழுதாகக் கொடுத்துவிடுங்கள், பாடத்தை நானே தயாரித்துத் தருகிறேன் என்று பாதியைப் பிடித்துவைத்துக்கொள்ளாதீர்கள். சங்கத்தின் கணக்கு நோட்டு உங்களிடம் இருந்தால் அதையும். பாடகர் குழுவை விட வேண்டாம், உங்களுக்குப் பாடுவது பிடிக்கும் என்று கடிதத்திலேயே தெரிகிறது. எட்டு வாரம் முடிந்து மருத்துவர் சரி சொன்ன பிறகு வாரம் ஒரு பயிற்சிக்குப் போங்கள், நாற்காலியில் உட்கார்ந்து பாடுங்கள், நிற்க வேண்டிய இடத்திலும் உட்காருங்கள். கேரல் ரவுண்ட்ஸ் இந்த வருடம் வேண்டாம். வேனில் குலுங்கி, மாடி மாடியாக ஏறி இறங்கி, நள்ளிரவு தாண்டி வீடு திரும்புவதை உங்கள் உடம்பு இப்போது தாங்காது. குழு உங்கள் தெருவுக்கு வரும் நாளை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொண்டு, உங்கள் வீட்டு வாசலில் மட்டும் அவர்களோடு சேர்ந்து பாடுங்கள். கேக்கை அன்றைக்குக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.