தாத்தாவின் எம்.ஜி. காரை வீட்டிலேயே சரிசெய்ய பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போக மாதம் 78,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 19,000, அது இன்னும் நான்கு வருடம் ஓடும். குடும்பச் செலவு, பள்ளிக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்து 44,000. மாதம் 15,000 மிஞ்சும். வருட போனஸ் 60,000. எஃப்.டி.யில் 6 லட்சம், பி.எஃப். கணக்கில் 14 லட்சம், மனைவியிடம் 22 பவுன் நகை. மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

மஞ்சக்குப்பத்தில் டாக்டராக இருந்த என் தாத்தாவின் 1952 மாடல் எம்.ஜி. டி.டி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், முப்பது வருடமாக எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. சென்னையில் ஒரு பட்டறையில் முழுதாகச் சரிசெய்ய 14 லட்சம் கேட்டார்கள். நானே வீட்டில் செய்தால் 7 லட்சத்தில் முடியும். எஞ்சின் 1.75, பாடியும் மரவேலையும் 2, பெயின்ட் 1, பிரேக் வயரிங் டயர் 0.90, சீட்டும் மேல் துணியும் 0.75, குரோம் 0.60 லட்சம். பி.எஃப்.பிலிருந்து 4 லட்சம் எடுத்து, நகையை வைத்து 3 லட்சம் வாங்கலாம் என்று நினைக்கிறேன். மாருதி எஞ்சின் போட்டால் இன்னும் ஒரு லட்சம் குறையும் என்கிறார் மெக்கானிக். முடித்தால் 25 லட்சத்துக்குப் போகும், மகள் படிப்புக்கு ஆகும். இப்படியே கொடுத்தால் 5 லட்சம் தருவதாக ஒருவர் கேட்கிறார். அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதும் என் ஆசை. என்ன செய்யலாம்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்)

பதில்: காரைச் சரிசெய்யுங்கள். ஆனால் பி.எஃப்.பையும் நகையையும் தொடாதீர்கள். மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியை வைத்து, ஆறு ஆறரை வருடத்தில் செய்யுங்கள். மகள் படிப்புக்கு இந்தக் கார் என்ற கணக்கை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். இரண்டு வருடத்துக்குள் அவள் கல்லூரிக்குப் போயாக வேண்டும். அதற்குள் வண்டி முடியாது. முடிந்தாலும், கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில் வாங்க ஆள் வந்து நிற்க மாட்டார்.

உங்கள் கடிதத்தில் நான் தேடியும் கிடைக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. வண்டி யாருடையது? தாத்தாவின் கார் என்கிறீர்கள். அவர் உயில் எழுதினாரா, அவருக்கு எத்தனை பிள்ளைகள், அத்தைகள் இருக்கிறார்களா என்று சொல்லவில்லை. உயில் இல்லையென்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன்களுக்கு இருக்கும் அதே பங்கு மகள்களுக்கும் உண்டு. முப்பது வருடமாக உங்கள் கொட்டகையில் நிற்பதால் மட்டும் அது உங்கள் கார் ஆகிவிடாது. துருப்பிடித்து நிற்கும் வரை யாரும் கேட்க மாட்டார்கள். பளபளவென்று வெளியே வந்த அன்றைக்குக் கேட்பார்கள், அப்படிக் கேட்பதில் தவறும் இல்லை. சொத்துத் தகராறுகளில் நான் பார்த்தவரை, ஒருவர் தன் கைப்பணத்தைப் போட்டு மேம்படுத்திய பொதுச் சொத்துதான் மிகக் கசப்பான சண்டையில் முடிகிறது. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். மற்ற வாரிசுகளிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். யாராவது பணம் எதிர்பார்த்தால், 5 லட்சத்துக்குக் கேட்பவர் சொன்ன விலையை அடிப்படையாக வைத்து அவர்கள் பங்கைக் கொடுத்து முடியுங்கள். இறந்தவர் பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு ஆர்.சி.யை மாற்றப் படிவம் 31 இருக்கிறது.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம்.

நீங்கள் போட்ட 7 லட்சம் கவனமாகப் போட்டதுதான், பிரிவு பிரிவாக யோசித்திருக்கிறீர்கள். ஆனால் அதில் கருவிகள் இல்லை, கூரியரும் சுங்க வரியும் இல்லை, பதிவுச் செலவு இல்லை, கொட்டகையைச் சரிசெய்யும் செலவு இல்லை. தப்பாக வாங்கிய பொருளை இரண்டாம் முறை வாங்கும் செலவும் இல்லை. இந்தக் கடைசிச் செலவு கட்டாயம் வரும். எம்.ஜி. கார்களுக்கு உள்ள ஒரு பெரிய நல்ல விஷயம், எழுபது வருடம் கழித்தும் பிரிட்டனில் பெரும்பாலான பாகங்கள் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. ஆனால் அங்கே விலைப்பட்டியலில் பார்க்கும் தொகைக்குக் கடலூரில் பொருள் கிடைக்காது. நான் அந்தத் தொகையை ஒன்றரை மடங்காகத்தான் எழுதிக்கொள்வேன். முதல் தடவை செய்பவரின் திட்டத்துக்கு 40 சதவீதம் கூட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஆக, உங்கள் வேலையின் விலை 9 லட்சத்து 80 ஆயிரம்.

பராமரிப்பு வேலையில் இருப்பவர் நீங்கள் என்பதால் ஒரு சின்ன உதாரணம். இந்தக் காரின் 1,250 சி.சி. எஞ்சினில் போல்ட்டின் தலை ஆங்கிலேயரின் விட்வொர்த் அளவு, மரை பிரெஞ்சுக்காரரின் மெட்ரிக் அளவு. காவன்ட்ரியில் இருந்த அந்த எஞ்சின் தொழிற்சாலை முதல் உலகப் போர்க் காலத்தில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி தொடங்கியது. 1923-இல் கார் தயாரிப்பாளர் மோரிஸ் அதை வாங்கியபோது பிரெஞ்சு இயந்திரங்களும் சேர்ந்தே வந்தன, மரையும் அப்படியே தொடர்ந்தது. கடையில் கிடைத்த போல்ட்டை முறுக்கி ஏற்றினால் பிளாக்கில் மரை போய்விடும். ஐம்பது ரூபாய் போல்ட் ஐம்பதாயிரம் ரூபாய் வேலையைக் கொண்டுவருவது இப்படித்தான். விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்றை முதலிலேயே வாங்கிவிடுங்கள். கிரைண்டிங், லேத் வேலைகளுக்குப் புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்துவிட்டு அப்புறம் சென்னைக்குப் போகலாம்.

பி.எஃப். பணத்தைப் பற்றி. எடுக்கும் விதிகளைத் தளர்த்த 2025 அக்டோபரில் முடிவு செய்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் பலரும் இப்படிக் கேட்கிறார்கள். எடுக்க முடிகிறது என்பதால் எடுக்க வேண்டும் என்று இல்லை. 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். இதே வட்டி நீடித்தால் இன்றைய 4 லட்சம், நீங்கள் 58 வயதில் ஓய்வு பெறும்போது சுமார் 10 லட்சத்து 35 ஆயிரம் ஆகியிருக்கும். நீங்கள் எடுக்கப்போவது அந்தப் பத்து லட்சத்தை. நகை விஷயம் இன்னும் எளிது. வருமானம் தராத ஒரு பொருளுக்காக மாதா மாதம் வட்டி கட்டும் கடன் வேண்டாம். தவணை தவறினால் ஏலத்துக்குப் போவது உங்கள் மனைவியின் நகை.

அப்படியானால் பணம்? மாதம் மிஞ்சும் 15,000-இல் 9,000 மகள் படிப்புக்கு, 6,000 காருக்கு. போனஸில் பாதி, 30,000, காருக்கு. வருடத்துக்கு 1 லட்சத்து 2 ஆயிரம் ஆயிற்று. எஃப்.டி.யிலிருந்து முதல் வருடம் மட்டும் 50,000 எடுங்கள். மீதி ஐந்தரை லட்சத்தில் 4 லட்சம் ஆறு மாத அவசரத் தேவைக்கு, ஒன்றரை லட்சம் கல்லூரியின் முதல் வருடத்துக்கு. நான்கு வருடத்தில் காரில் சுமார் 4 லட்சத்து 58 ஆயிரம் போயிருக்கும். அப்போது வீட்டுக் கடன் முடிகிறது. விடுபடும் 19,000-இல் 10,000 காருக்குத் திருப்புங்கள். அடுத்த இரண்டு வருடம் நான்கு மாதத்தில் 9.80 லட்சத்தைத் தொட்டுவிடலாம். உங்களுக்கு அப்போது 52 வயது நடக்கும், கடன் ஒரு ரூபாய் இருக்காது.

நீண்ட காலம்தான், மறுக்கவில்லை. அதனால்தான் எந்த வேலையை முதலில் செய்வது என்பது பணக் கேள்வியாகவும் ஆகிறது. என் அப்பா ஒரு லாம்பிரெட்டா ஸ்கூட்டரை முழுதாகப் பிரித்தார். எஞ்சின் ஒரு சாக்கில், பாடித் தகடுகள் ஒரு சாக்கில், சில்லறைச் சாமான்கள் ஹார்லிக்ஸ் பாட்டில்களில். அக்கா கல்யாணம் வந்தது, வேலை நின்றது. பதினோரு வருடம் கழித்துப் பழைய இரும்புக்காரர் எடை போட்டுத்தான் எடுத்துப் போனார். பிரித்துக் கிடக்கும் வண்டிக்கு விலை கிடையாது. ஓடாவிட்டாலும் முழுதாக நிற்கும் வண்டிக்கு விலை உண்டு, உங்களிடம் 5 லட்சத்துக்குக் கேட்பதே அதற்குச் சாட்சி. ஆகவே ஒரு பகுதியை எடுத்தால் அதை முடித்து மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைக் கழற்ற வேண்டும். எந்த மாதம் பணம் நின்றாலும், அன்றைக்கு வண்டியின் விலை போன மாதத்தைவிடக் குறைந்திருக்கக் கூடாது.

இந்தக் காரில் அந்த விதியை முதலில் சோதிக்கப்போவது மரம். எம்.ஜி. டி.டி.யின் பாடித் தகடுகள் ஆஷ் மரச் சட்டத்தின் மேல் அறையப்பட்டவை. முப்பது வருட உப்புக் காற்றில் தகடு துருப்பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரியும், உள்ளே மரம் உளுத்திருப்பது தெரியாது. கதவுகள் பின்பக்கக் கீலில் தொங்குபவை, மரத்தூண் கால் அங்குலம் நகர்ந்தாலும் கதவு மூடாது. ஒரு தூணை எடுத்து, அதே அளவில் புதிதாக இழைத்து மாட்டி, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த தூண். துறைமுகத்தில் மரப்படகு வேலை பார்த்த ஆசாரி யாராவது கிடைத்தால் விடாதீர்கள். வளைவான மரத்தில் கை பழகியவர்கள் அவர்கள். 2 லட்சம் என்று நீங்கள் எழுதிய பாடிச் செலவுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. ஆசாரி ஒருவர் நேரில் பார்த்துக் கம்பியால் குத்திப் பார்த்த பிறகு அந்த எண்ணை மாற்றி எழுதுங்கள்.

பிரேக், பெட்ரோல் டேங்க், வயரிங் ஆகியவை அதற்கும் முன்னால். எஞ்சினை ஆசைப்பட்டுச் சுழற்றிப் பார்க்காமல், பிளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பெயின்ட்டும் குரோமும் கடைசி. கண்ணுக்கு அழகாக இருப்பதால் பலர் அதில் தொடங்குகிறார்கள், பிறகு வெல்டிங் வைக்கும்போது அந்தப் பணம் கருகுகிறது.

மாருதி எஞ்சின் வேண்டாம். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, 50 வயதைத் தாண்டிய கார் அசல் வடிவில், சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால் வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். மறுபதிவு 5,000. மூன்றாம் தரப்புக் காப்பீட்டில் 50 சதவீதச் சலுகையும் உண்டு. எஞ்சினை மாற்றி ஒரு லட்சம் மிச்சம் பிடித்தால் இந்த வழி அடைபடும், வாங்குபவரும் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். ஆனால் வின்டேஜ் பதிவில் வண்டியை வழக்கமான பயணத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் அனுமதி. அம்மாவை சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போகும் ஆசை இருப்பதால், பழைய மெட்ராஸ் பதிவை உயிர்ப்பிக்க முடியுமா என்று முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

25 லட்சத்தையும் பார்த்துவிடுவோம். இன்று விற்று 5 லட்சத்தை 7 சதவீத வட்டியில் போட்டால் ஆறரை வருடத்தில் சுமார் 7.75 லட்சம். அதோடு 9.80 லட்சம் செலவு. இரண்டும் சேர்ந்து பதினேழரை லட்சம். சொன்னபடி 25 லட்சத்துக்கே போனாலும் மிச்சம் ஏழரை லட்சம். வாரம் ஆறு மணி நேரம் என்றால் உங்கள் உழைப்பு 2,000 மணி நேரத்துக்கு மேல். பதினேழரைக்குப் போனால் அந்த 2,000 மணி நேரத்துக்குக் கூலியே இல்லை. இது முதலீடு அல்ல, உங்களுக்குப் பிடித்த வேலைக்காகச் செய்யும் செலவு. அப்படி நினைத்துச் செய்தால் தாராளமாகச் செய்யலாம், மாதம் 6,000 ரூபாய் உங்கள் சம்பளத்துக்குத் தாங்கும்.

என்றாவது விற்றால் வரி உண்டா? சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் காருக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் உபயோகித்ததை நிரூபிக்க வேண்டும். 1983-இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய 1931 மாடல் ஃபோர்டு டூரர் ஒன்றை 21 லட்சத்துக்கு விற்றவர், சொந்த உபயோகத்தை நிரூபிக்க முடியாததால் ஆதாயத்துக்கு வரி உண்டு என்று 2025-இல் மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு பில்லையும், பெட்ரோல் ரசீது உட்பட, ஒரு கோப்பில் வையுங்கள். வரி வந்தாலும் செலவைக் கழிக்க அதுதான் ஆதாரம்.

கடைசியாக, கொட்டகை. 2011-இல் தானே புயல், 2024-இல் ஃபெஞ்சல் புயல், அதை அடுத்துத் தென்பெண்ணை வெள்ளம் எல்லாம் பார்த்த ஊர் உங்களுடையது. முதல் வருடப் பணத்தில் தரையை உயர்த்துவதற்கும், கழற்றிய பாகங்களை மேலே ஏற்றி வைக்கப் பரண் போடுவதற்கும் ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. வருடா வருடம் அக்டோபருக்குள், அந்த நேரத்தில் கழற்றிக் கிடப்பதை எல்லாம் மாட்டி முடித்துவிடுங்கள்.

இந்த வாரம் காருக்கு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். தாத்தாவின் பெட்டியில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு அத்தைகள், சித்தப்பாக்கள் இருந்தால் அவர்களைப் போய்ப் பாருங்கள், காரைப் பற்றி நீங்கள் எனக்கு எழுதியதை அவர்களிடமும் சொல்லுங்கள். அவர்கள் கையெழுத்து வரும் வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.