அந்த ஆடியோவை ஏன் அனுப்பினீர்கள்?

கேள்வி: ஓர் ஊழியர் பேசிய ஆடியோ எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நாற்பது நாளுக்குள் நம் மாநிலத்தின்மேல் கர்த்தருடைய நியாயத்தீர்ப்பு இறங்கும் என்கிறார். பயந்துபோய் நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டில் மாடி கட்டும் வேலை நடக்கிறது. அதைப் பாதியில் நிறுத்தி, மேஸ்திரிக்கு வைத்திருக்கும் பணத்தை அந்த ஊழியத்துக்கு அனுப்பிவிடலாமா? என் கணவர் சிரிக்கிறார். இதை விசுவாசத்தோடு எடுத்துக்கொள்வது எப்படி?

பதில்: சகோதரி, அந்த ஆடியோ எனக்கும் வந்தது, இரண்டு பேர் அனுப்பியிருந்தார்கள். கோபம் இருக்கிறது, பின்னால் கீபோர்டு இருக்கிறது, கடைசியில் வங்கிக் கணக்கு எண் இருக்கிறது. என்ன பாவத்துக்காக இந்தத் தண்டனை என்பது மட்டும் இல்லை. 'இந்த ஜனங்கள்' என்கிறார், 'அக்கிரமம்' என்கிறார், அவ்வளவுதான். வேதத்தின் தீர்க்கதரிசிகள் இப்படி மொட்டையாகப் பேசுகிறவர்கள் இல்லை. ஒரு ஜோடி செருப்புக்காக ஏழையை விற்றாயே என்று ஆமோஸ் கேட்டார். எரேமியா ஆலய வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே தொழப்போனவர்களைப் பார்த்துத் திருட்டையும் விபசாரத்தையும் பெயர் சொல்லிப் பேசினார். (யோனா ஒருவர் விதிவிலக்கு, அவரிடம் பிறகு வருகிறேன்.)

ஆனால் என்னை அதைவிட உறுத்தியது உங்கள் வரிதான். பயந்தீர்கள், உடனே நான்கு குழுக்களுக்குத் தள்ளிவிட்டீர்கள். அனுப்பிய பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசானதா இல்லையா, உண்மையைச் சொல்லுங்கள்.

எரேமியா 36-ஐ எடுத்துப் படியுங்கள். கி.மு. 604, குளிர்காலம். நேபுகாத்நேச்சாரின் படை அந்த மாதத்தில்தான் அஸ்கலோனைப் பிடித்தது என்று பாபிலோனியரின் களிமண் பலகை சொல்கிறது, எருசலேமிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். எருசலேமில் உபவாசம் கூறியிருந்தார்கள், ஊரே கூடியிருந்தது. எரேமியாவின் எச்சரிப்புகளை அவருடைய எழுத்தர் பாருக்கு எழுதி, அந்த நாளில் ஆலயத்தில் வாசித்த சுருள் கடைசியில் ராஜா யோயாக்கீமிடம் போகிறது. அவன் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அரண்மனை ஆள் யெகுதி மூன்று நாலு பத்தி வாசித்ததும் ராஜா சூரிக்கத்தியால் அதை அறுத்து நெருப்பில் போடுகிறான். மறுபடி வாசிக்கிறார்கள், மறுபடி அறுக்கிறான், சுருள் முழுவதும் சாம்பலாகும்வரை. கவனியுங்கள், அவன் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கடைசி வரி வரைக்கும் கேட்டான்! வேண்டாம் ராஜாவே என்று கெஞ்சிய மூன்று பேரில் சாப்பானின் மகன் கெமரியா ஒருவர். 1982-இல் எருசலேமில் தாவீதின் நகரம் என்ற பகுதியைத் தோண்டியபோது இதே பெயர் பதித்த களிமண் முத்திரை கிடைத்தது. பின்னாளில் பாபிலோனியர் எருசலேமுக்கு வைத்த தீயில் ஆவணங்கள் எல்லாம் எரிந்துபோய், முத்திரைகள் மட்டும் சூளையில் சுட்ட செங்கல் மாதிரி வெந்து மிஞ்சியிருந்தன.

இத்தனைக்கும் இவனுடைய அப்பா யோசியா, ஆலயத்தில் கிடைத்த நியாயப்பிரமாணப் புஸ்தகத்தை இதே சாப்பான் வாசித்தபோது தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டவர். அப்பா உடையைக் கிழித்தார், மகன் சுருளைக் கிழித்தான். எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான் வருகிறது.

சரி, நான்தான் கிழிக்கவில்லையே, பயந்தேனே என்பீர்கள். பயந்தவர்கள் கதையும் இருக்கிறது, 34-ஆம் அதிகாரம். பாபிலோனியர் எருசலேமைச் சுற்றி வளைத்ததும், யோயாக்கீமுக்குப் பின்னால் வந்த ராஜா சிதேக்கியாவும் பிரபுக்களும் நடுங்கிப்போய், ஆலயத்தில் ஒரு கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி அதன் நடுவே நடந்து உடன்படிக்கை பண்ணி, எபிரெய அடிமைகளை எல்லாம் விடுதலை செய்தார்கள். ஏழாம் வருஷம் விடவேண்டும் என்று சட்டம் எப்போதோ சொன்னதை, முற்றுகை வந்த பிறகுதான் செய்தார்கள், போகட்டும், செய்தார்கள். அப்புறம் எகிப்தின் படை கிளம்பி வருகிறது என்று கேள்விப்பட்டு பாபிலோனியர் கொஞ்சம் பின்வாங்கினார்கள். அவ்வளவுதான், விட்ட ஆட்களைத் திரும்பப் பிடித்து மறுபடியும் அடிமைகளாக்கிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து மூட்டையை இறக்கி வைத்தவர்களைப் போய்ப் பிடித்து இழுத்து வந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். கர்த்தர் அதற்குச் சொன்ன பதிலை நீங்களே வாசியுங்கள், அந்தக் கன்றுக்குட்டியை வைத்தே சொல்கிறார். நாற்பத்தோராம் நாள் ஒன்றும் நடக்காவிட்டால் உங்கள் பயத்துக்கு என்ன ஆகும் என்பதை இப்போதே யோசித்துவிடுங்கள்.

இனி யோனா. 'இன்னும் நாற்பதுநாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்.' எபிரெயத்தில் மொத்தமே ஐந்து சொற்கள். பாவம் இன்னதென்று இல்லை, மனந்திரும்புங்கள் என்றுகூட இல்லை. உங்கள் ஆடியோ ஊழியர் 'நாற்பது நாள்' என்பதை எங்கிருந்து எடுத்தார் என்று இப்போது புரிந்திருக்கும். ஆனால் நினிவேயின் ராஜா தூதனைப் பிடித்து, நடக்குமா, எந்தத் தேதி என்று விசாரிக்கவில்லை. எங்கள் கையில் இருக்கும் கொடுமையை விடுவோம், யாருக்குத் தெரியும், ஒருவேளை தேவன் திரும்புவார் என்றான். அந்த 'ஒருவேளை'யை அவிசுவாசம் என்று நம் பிரசங்க மேடைகளில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதுதான் விசுவாசமாகத் தெரிகிறது. வாக்குறுதி எதுவும் கையில் இல்லாமல் தன் நடத்தையை மாற்றிக்கொண்டான். தேவன் எதைப் பார்த்தார் என்று 3:10 சொல்கிறது: இரட்டையும் சாம்பலையும் விட்டுவிட்டு அவர்களுடைய கிரியைகளைப் பார்த்தார் என்றே எழுதியிருக்கிறது.

நினிவே கவிழவில்லையே, அப்போது யோனா பொய்யரா என்று கேட்காதீர்கள், எரேமியா 18 அதற்குப் பதில் சொல்லிவிட்டது: தீங்கை விட்டு ஜனம் திரும்பினால் நானும் மனம் மாறுவேன் என்கிறார் கர்த்தர். ஆனால் ஒன்று. இந்த நாற்பது நாள் சும்மா கழிந்ததும், 'ஜனங்கள் ஜெபித்தார்கள், தேவன் மனமிரங்கினார்' என்று இன்னொரு ஆடியோ வரும். அப்போது திரும்பி வந்தது யார், எதிலிருந்து என்று அவரிடம் கேளுங்கள்.

மாடி விஷயத்துக்கு வருகிறேன். வேலையை நிறுத்தவேண்டாம். நகரம் முற்றுகையில் இருக்கும்போது, அதுவும் தானே காவலில் கிடக்கும்போது, எரேமியா ஆனதோத்தில் 17 சேக்கல் வெள்ளிக்கு நிலம் வாங்கி, சாட்சி வைத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொன்னார். அழிவு வரும் என்று நாற்பது வருஷம் சொன்ன மனுஷன் அவர்.

அதே எரேமியா யோயாக்கீமைப் பற்றி 22-ஆம் அதிகாரத்தில் சொன்னதையும் பாருங்கள். விசாலமான மேலறைகள் கட்டினான், பலகணி திறந்தான், ஜாதிலிங்கவர்ணம் (சிவப்புச் சாயம்) பூசினான், வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்கவில்லை. மேலறை என்றால் மாடிதான், சகோதரி. மேஸ்திரியின் பணம் உங்களுடையது இல்லை, காணிக்கையாக அனுப்ப. சித்தாள் பெண்களுக்குப் பாக்கி இருந்தால் அதையும் சேர்த்து இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எண்ணிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அந்த நான்கு குழுக்களுக்கும் இன்னொரு செய்தி போடவேண்டியிருக்கும், அதில் என்ன எழுதுவது என்று உங்கள் கணவரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.