மூன்றாவது பல்லைப் பிடுங்குவதற்கு முன்

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் இரண்டு கடைவாய்ப்பற்களைப் பிடுங்கியும் அம்மாவின் வலது கன்னத்து வலி நிற்கவில்லை, மூன்றாவதையும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். எக்ஸ்ரேயில் அந்தப் பல் நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே!

என் அம்மாவுக்கும் இதே கதைதான். ஆனி மாதம், தென்காசி பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை. சாரல் காற்று கன்னத்தில் பட்டதும் மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு வெட்டு. கையைத் தூக்கியவர், கன்னத்தைத் தொடப் பயந்து அப்படியே அந்தரத்தில் நிறுத்திக்கொண்டார். அரை நிமிடம்தான். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தார். அதற்கு முன்பே ஒரு நல்ல பல்லை வீணாக இழந்திருந்தார்.

பல்வலி பெரும்பாலும் விண்விண் என்று நெடுநேரம் தெறிக்கும். முகம் கழுவினால், பேசினால், மென்றால் நொடியில் வெட்டிவிட்டுப் போவது முக நரம்புவலியாக இருக்கலாம். மருத்துவர்கள் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்பார்கள். மூளைத்தண்டருகே ரத்தக்குழாய் ஒன்று நரம்பை அழுத்துவதே வழக்கமான காரணம். பல்லுக்கும் அதே நரம்புதான் போகிறது என்பதால் பல் மருத்துவரை மட்டும் குறைசொல்ல முடியாது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். சாதாரண வலிமாத்திரை இதற்குக் கேட்காது. வழக்கமாக முதலில் தருவது கார்பமசெபின். அது வலிப்புநோய்க்கும் தருகிற மாத்திரை, அம்மா மிரள வேண்டாம். தலைசுற்றும், ரத்தப் பரிசோதனை உண்டு. தோலில் தடிப்பு கண்டால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

வலி எதனால், எத்தனை நொடி வருகிறது என்று தாளில் குறித்துக்கொண்டு போங்கள். அங்கே போனதும் அம்மா பல்லிலிருந்துதான் ஆரம்பிப்பார்.