மன்னார்குடி மஹிந்திரா தார்: 14 மாதத்தில் ஆறரை லட்சம் போகுமா?

ஜிஎஸ்டி மாறுவதற்கு முன் ஆன்-ரோடு (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து) 19.5 லட்சத்துக்கு எடுத்த டீசல் 4×4 (நாலு சக்கரமும் இழுக்கும்) தாரை டீலர் 13 லட்சத்துக்குக் கேட்கிறார், ஏமாற்றா என்கிறீர்கள். இல்லை, நியாயமான தொடக்கம்தான்.

ஆன்-ரோடு விலையை மறந்துவிடுங்கள். எக்ஸ்-ஷோரூம் (சாலை வரி, இன்சூரன்ஸ் சேராத விலை) 16 லட்சம் என்றால் நம் மாநில வாழ்நாள் வரி 18%, அதாவது 2.88 லட்சம். வாங்குபவர் அதற்குக் காசு தரமாட்டார். ஒன்று முதல் இரண்டு வயது வண்டிக்கு இன்சூரன்ஸ் ஐடிவி (காப்பீட்டுக்காகப் போடும் வண்டி மதிப்பு) கணக்கே எக்ஸ்-ஷோரூமில் 20% கழிக்கும்: 12.8 லட்சம். போதாததற்கு 2024-இல் ஐந்து கதவு தார் ராக்ஸ் வந்தது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்த பழைய வரி 40% ஜிஎஸ்டியாகக் குறைந்து, புது வண்டியின் விலையே இறங்கியது.

டெல்டா வண்டி என்றாலே அடியில்தான் டார்ச் அடிப்பார்கள். சேஸிஸின் வடிகால் ஓட்டைகளில் வண்டல் அடைத்தால் உள்ளிருந்து துரு பிடிக்கும். வேதாரண்யம் பக்கம் கடல் மணலில் ஓட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். கம்பி விட்டு ஓட்டைகளைத் திறந்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். விற்கும் முன் கறுப்புக் கோட்டிங் மட்டும் வேண்டாம், துருவை மறைத்ததாகவே நினைப்பார்கள். பெரிய டயர் போட்டிருந்தால் கம்பெனி டயரை மாட்டிவிட்டு, பெரியதைத் தனியே விற்றுவிடுங்கள்.

சமவெளியில் 4×4-க்குக் கூடுதலாகத் தருபவர் குறைவு. கொடைக்கானல், வால்பாறை ஆட்களுக்குத் தெரியும்படி விளம்பரம் போடுங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் 4எல் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் 4×4 கியர்) விழுவதை வீடியோவில் காட்டுங்கள். லோன் இருந்தால் வங்கி என்ஓசியும் (தடையில்லாச் சான்று) ஆர்சியில் லோன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் முதலிலேயே கையில் இருக்கட்டும்.